யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? ‘இந்தி மீடியம்’, ‘அப்பா’: ஓர் ஒப்பாய்வு

பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது பெற்றோர் போடத் தொடங்கும் கணக்கு இருபத்தைந்து வயதில் எங்கே போய் நிற்கிறது என்பதைத் தில்லியின் புசா ரோட்டில் நடந்தே பார்த்துவிடலாம். 1955-ல் ரஜ்னி குமார் தொடங்கிய ஸ்பிரிங்டேல்ஸ் பள்ளி இந்தச் சாலையில் இருக்கிறது. 1923-ல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் ஒன்றும் இங்கேதான். மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பெயர்போன ஆகாஷ் நிறுவனம் நாடெங்கும் கிளை பரப்பியது இந்தச் சாலையைத் தலைமையிடமாகக் கொண்டுதான். சாலையை ஒட்டிய பழைய ராஜேந்திர நகருக்குள் நுழைந்தால் ஐ.ஏ.எஸ். கோச்சிங் விளம்பரங்களுக்கு நடுவே வானத்தைத் தேட வேண்டியிருக்கும். 2024 ஜூலை 27 மாலை அங்கே ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் மழைநீர் பாய்ந்து, படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் அந்தத் தெருக்களில் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கும் பிள்ளைகள் குறையவில்லை. அனுப்பி வைக்கும் அப்பா அம்மாக்களும் குறையவில்லை.

இந்தச் சாலையில், பெற்றோருக்கென்றே ஒரு திரையிடல் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அறிவுரைக் கூட்டம் வேண்டாம். பள்ளிகளின் பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புகளில் அது போதும் போதும் என்ற அளவுக்குக் கிடைக்கிறது. பிள்ளைகளை வைத்துப் பெற்றோர் ஆடும் போட்டியைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்ட வேண்டும். ஒன்று சாகேத் சௌத்ரி இயக்கி 2017 மே 19 அன்று வெளியான ‘இந்தி மீடியம்’. மற்றொன்று சமுத்திரக்கனி எழுதி, இயக்கி, நடித்து, தானே தயாரித்து 2016 ஜூலை 1 அன்று வெளியிட்ட ‘அப்பா’. பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாமல், தான் சொல்ல வந்ததைத் தன் கைக்காசில் சொன்ன படம் என்ற பொருளில் சுயாதீனப் படம் என்று ‘அப்பா’வைத்தான் சொல்ல முடியும். ‘இந்தி மீடியம்’ பெரிய தயாரிப்பாளர்களின் படம். அந்த ஆண்டுக்கான ஃபிலிம்ஃபேர் சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகளை வாங்கியது, சீனாவில் வெளியாகியும் வசூலைக் குவித்தது. பதினோரு மாத இடைவெளியில், ஒன்றையொன்று அறியாமல், ஒரே நோயைப் பற்றி இரண்டு ஊர்களிலிருந்து வந்த படங்கள் இவை. தில்லித் தமிழர்களான நமக்கு இரண்டு ஊரும் சொந்தம் என்பதால் அந்த நோயின் இரண்டு வடிவங்களும் நம் வீட்டில் சேர்ந்தே இருக்கின்றன.

கதையை மறந்தவர்களுக்காகக் கொஞ்சம். ‘இந்தி மீடியம்’ ராஜ் பத்ராவுக்குச் சாந்தினி சௌக்கில் துணிக்கடை. பணம் தாராளம், ஆங்கிலம் தடுமாற்றம். மனைவி மீதாவுக்கு மகள் பியாவை நகரத்தின் முதல் நிலைப் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும். பள்ளிக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பழைய தில்லியை விட்டு வசந்த் விஹாருக்கு வீடு மாறுகிறார்கள். நேர்காணலுக்குப் பயிற்சி தர ஒரு ஆலோசகரை வைத்துக்கொள்கிறார்கள். எதுவும் பலிக்காதபோது, ஏழைகளுக்கான ஒதுக்கீட்டில் பொய்ச் சான்றிதழோடு விண்ணப்பிக்கிறார்கள். பள்ளிக்காரர்கள் வீடு வந்து பார்ப்பார்கள் என்றதும் ஏழைகளாக வேடம் போட்டு ஒரு ஏழைக் குடியிருப்பில் போய் வாழ்கிறார்கள். அங்கே ஷ்யாம் பிரகாஷ் என்ற கூலித் தொழிலாளி இவர்களுக்கு உயிராக உதவுகிறான். குலுக்கலில் பியாவுக்கு இடம் கிடைக்கிறது. ஷ்யாமின் மகனுக்குக் கிடைக்கவில்லை.

‘அப்பா’வில் மூன்று அப்பாக்கள். தயாளன், பிள்ளையை அவன் போக்கில் வளரவிட நினைப்பவர். சிங்கப்பெருமாள், மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கப்போகும் நாள்வரை வரைபடம் போட்டு வைத்திருப்பவர். நடுநிலையான், இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போ என்று மகனை அடக்கி வைப்பவர். தம்பி ராமையா நடித்த சிங்கப்பெருமாள்தான் படத்தின் நகைச்சுவை முழுவதையும் தாங்குகிறார். ஆனால் அவருடைய மகன்தான் படத்தில் உயிரை விடுகிறான்.

நாலு வார்த்தையில் சொன்னால் இரண்டும் ஒரே கதைபோலத் தெரியும். ஆனால் ஒரு படம் வாசலில் நடக்கும் போட்டியைப் பற்றியது, மற்றது முடிவுக் கோட்டில் நடக்கும் போட்டியைப் பற்றியது. இந்த வேறுபாடு இயக்குநர்களின் கற்பனையில் பிறந்ததில்லை, அவரவர் ஊர் கொடுத்தது.

தில்லியில் நர்சரி அட்மிஷன் என்பது தனி உலகம். தனியார் பள்ளிகள் பிள்ளையையும் பெற்றோரையும் நேர்காணல் செய்துதான் முன்பெல்லாம் இடம் கொடுத்தன. வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அப்போது சி.பி.எஸ்.இ. தலைவராக இருந்த அசோக் கங்குலி தலைமையில் 2006-ல் ஒரு குழு அமைந்தது. நேர்காணலுக்குப் பதிலாக நூறு பாயின்ட் கணக்கு வந்தது. வீடு எவ்வளவு தூரம், அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படிக்கிறார்களா, அப்பா அம்மா அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களா என்று ஒவ்வொன்றுக்கும் பாயின்ட். நேர்காணல் போனது, பாயின்ட் வேட்டை வந்தது. 2016 ஜனவரியில் தில்லி அரசு அநியாயமானவை என்று 62 அளவுகோல்களைப் பட்டியலிட்டு நீக்கியது. அந்தப் பட்டியலில் பெற்றோர் சைவமா, மது அருந்துவார்களா, புகைபிடிப்பார்களா என்ற கேள்விகளெல்லாம் இருந்தன. மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து கற்பிக்க அப்பா சைவமாக இருக்க வேண்டும் என்று ஒரு பள்ளி நினைத்திருக்கிறது, அதை விண்ணப்பத்தில் அச்சடித்தும் இருக்கிறது. இதை விடப் பெரிய நகைச்சுவைக் காட்சியை ‘இந்தி மீடியம்’ எழுதிவிட முடியாது. எழுதியவர்களும் அதை உணர்ந்துதான் கதையை நேர்காணல் அறையிலிருந்து வீட்டு விலாசத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். படத்தில் ராஜ் வீடு மாறுவது வேடிக்கைக்காக இல்லை. பள்ளிக்கு அருகில் வாடகை வீடு தேடும் பெற்றோர் ஒவ்வொரு டிசம்பரிலும் இந்த ஊரில் உண்டு. ஒப்பந்தப் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வேறிடத்தில் குடியிருப்பவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் வாசல் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததில்லை. அங்கே எல்லாம் பிளஸ் டூவில் வந்து குவிந்தது. 2007-ல் மாநில நுழைவுத் தேர்வு ஒழிந்தபோது கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்ல வழி பிறந்தது. அந்த நன்மையை மறுக்கக் கூடாது. ஆனால் அதற்குப் பின் வந்த பத்தாண்டுகள் மருத்துவமும் பொறியியலும் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றையே நம்பி நின்றன. நாமக்கல் வட்டாரத்து உண்டு உறைவிடப் பள்ளிகள் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது இந்தப் பத்தாண்டுகளில்தான். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைப்பது அங்கே இயல்பான நடைமுறையாகிவிட்டது. விடிவதற்கு முன் எழுப்பி, இரவு வெகுநேரம் வரை உட்கார வைத்து, வாரத் தேர்வு, மாதத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று நசுக்கினார்கள். மகனை அங்கே சேர்ப்பதற்காக நிலத்தை அடமானம் வைத்த அப்பாக்களின் கதைகள் ஊர்தோறும் உண்டு. பிளஸ் டூ முடிவு வரும் நாளில் மாநில முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று பெயர் வாசிப்பார்கள். பள்ளிகள் அந்த முகங்களைப் பேருந்து நிலையங்களில் ஆளுயரத்துக்கு ஒட்டும். ‘அப்பா’ வந்தது இந்தக் காலத்தின் கடைசி மாதங்களில். அதே ஆண்டு மே மாதத்தில்தான் மாநிலங்களுக்கு நீட்டிலிருந்து ஓராண்டு விலக்கு தரும் அவசரச் சட்டம் வந்திருந்தது. அடுத்த ஆண்டு தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது, பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது, நீட்டும் வந்து சேர்ந்தது. சிங்கப்பெருமாள் ஓடிய பந்தயத்தின் விதிகள், படம் வந்து ஓராண்டுக்குள் மாறிவிட்டன. சிங்கப்பெருமாள்கள் மாறவில்லை, கோச்சிங் சென்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இரண்டு போட்டிகளுக்கும் நடுவில் ஒரு சட்டம் நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 13-ஆம் பிரிவு பிள்ளையையோ பெற்றோரையோ சலித்துப் பார்த்துச் சேர்ப்பதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 வரை. 17-ஆம் பிரிவு உடலை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. இரண்டு பிரிவுகளையும் படித்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது: 13-ஆம் பிரிவு ‘இந்தி மீடிய’த்தின் கதையைத் தடுத்திருக்க வேண்டும், 17-ஆம் பிரிவு ‘அப்பா’வின் கதையைத் தடுத்திருக்க வேண்டும். ஏன் தடுக்கவில்லை? சட்டம் பேசுவது ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றி. பியா நர்சரி வாசலில் நிற்கிறாள், ஆறு வயதாகவில்லை. ஏழைகளுக்கான ஒதுக்கீடு தவிர மற்றபடி நர்சரி சேர்க்கைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றமே 2013 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. நர்சரியிலும் இப்படிச் சலித்துச் சேர்ப்பதைத் தடை செய்ய தில்லி சட்டமன்றம் 2015-ல் ஒரு மசோதா நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. அந்தப் பக்கம் சிங்கப்பெருமாளின் மகன் பதினான்கைத் தாண்டிவிட்டவன். ஆக, பெற்றோர் மிக வெறியோடு போட்டியிடும் இரண்டு வயதுகளிலும், நுழையும் வயதிலும் முடிக்கும் வயதிலும், பிள்ளைக்குச் சட்டத்தின் குடை இல்லை. இரண்டு இயக்குநர்களும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் கதை எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வலி எங்கே இருக்கிறதோ அங்கே அவர்கள் கை சரியாகப் போய் விழுந்திருக்கிறது.

இனிச் சிரிப்புக்கு வருவோம். இரண்டு படங்களையும் பிரிப்பது அதுதான் என்பது என் எண்ணம்.

‘இந்தி மீடிய’த்தில் நாம் சிரிப்பது ராஜைப் பார்த்து. அவன்தான் கதாநாயகன். வசந்த் விஹார் வீட்டு விருந்தில், மேல்தட்டு மனிதர்கள் கையில் கோப்பையோடு மெல்லப் பேசிக்கொண்டிருக்க, அவன் மகளோடு சேர்ந்து ஆடத் தொடங்குகிறான். மனைவி கூசிப்போகிறாள். இர்ஃபான் கான் அந்த ஆட்டத்தை ஆடும் விதத்தில் ஒரு கடைக்காரனின் வெகுளித்தனமும் ஒரு அப்பாவின் மகிழ்ச்சியும் ஒன்றாக இருக்கின்றன. 2020 ஏப்ரலில் மறைந்த அந்த நடிகரை நினைக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் வருவது இந்தக் காட்சி. நாம் அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம், அவனைப் பார்த்தும் சிரிக்கிறோம். அவன் பொய்ச் சான்றிதழ் வாங்கும்போதும் சிரிப்பு நிற்பதில்லை. அங்கேதான் படம் நம்மைப் பிடிக்கிறது. ஒரு ஏழைப் பிள்ளையின் இடத்தைத் திருடும் மனிதனோடு அரை மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது, ஷ்யாம் அவனுக்காகச் செய்யும் ஒரு காரியத்தில்தான் உறைக்கிறது. பியாவின் பள்ளிச் செலவுக்குப் பணம் புரட்ட, இழப்பீடு கிடைக்கும் என்று ஷ்யாம் ஓடும் கார் முன்னால் போய் விழுகிறான். தீபக் தோப்ரியால் நடித்த இந்த இடத்துக்குப் பிறகு பார்வையாளர்கள் நிமிர்ந்து உட்காருவதை யாரும் கவனிக்கலாம்.

‘அப்பா’வில் நாம் சிரிப்பது சிங்கப்பெருமாளைப் பார்த்து. அவர் கதாநாயகன் இல்லை, எதிர்த்தரப்பு. நாம் உட்கார்ந்திருப்பது தயாளனின் பக்கத்தில். சிங்கப்பெருமாள் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் நமக்குத் தெரிந்த யாரோ ஒருவர் நினைவுக்கு வருகிறார்: பெரியப்பா, மாடி வீட்டுக்காரர், அலுவலகத்துச் சகா. நாம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. தயாளனோ குறையே இல்லாதவர். ஒரு தவறும் செய்வதில்லை, தடுமாறுவதில்லை, எந்த இரவிலும் பயந்து விழிப்பதில்லை. பிள்ளையை வளர்க்கும் எந்த அப்பாவும் அப்படி இல்லை. அந்தப் பாத்திரத்தின் உரைகள் நீளமானவை, ஒவ்வொன்றும் சரியானவை. சரியாக இருப்பதே அந்தப் படத்தின் பலவீனம். தயாளன் நான்தான் என்று நினைத்துக்கொண்டு அரங்கத்தை விட்டு வெளியே வரும் சிங்கப்பெருமாளைப் படம் தடுக்கவில்லை.

இந்த ஓர் அளவில் ‘இந்தி மீடியம்’ மேலான படம். பார்ப்பவரைக் குற்றத்தில் பங்காளி ஆக்குகிறது. ஆனால் இன்னொரு அளவில் அது ‘அப்பா’வுக்குக் கிட்டவே வர முடியாது. அது பிள்ளை என்ற அளவு.

பியா என்ன நினைக்கிறாள்? படம் முடிந்து வெளியே வந்து யாரைக் கேட்டாலும் சொல்ல முடியாது. அவள் அழகாக இருக்கிறாள், ஆடுகிறாள், வேடம் போட்டுக் குடிபோன வீட்டில் எலியோடும் குழாயடித் தண்ணீரோடும் பழகிக்கொள்கிறாள். ஆனால் அவளுக்கென்று ஒரு விருப்பம், ஒரு பயம், ஒரு பிடிவாதம் எதுவும் கதையில் இல்லை. போட்டியில் வெல்லப்படும் பரிசு அவள். பெற்றோரின் அவமான உணர்வைப் பேச வந்த படம், பெற்றோரிடமே நின்றுவிட்டது. இதற்கு மூன்றாண்டுகள் முன்னால், 2014-ல், நந்திதா ராயும் ஷிபோப்ரசாத் முகர்ஜியும் வங்காளத்தில் எடுத்த ‘ராம்தனு’வும் கிட்டத்தட்ட இதே பள்ளிச் சேர்க்கைக் கதைதான். அங்கேயும் பெற்றோரின் தவிப்பே கதை.

‘அப்பா’வின் பிள்ளைகள் அப்படி இல்லை. தயாளனின் மகன் வெற்றி, சிங்கப்பெருமாளின் மகன் சக்கரவர்த்தி, நடுநிலையானின் மகன் மயில்வாகனம் மூவருக்கும் தனித்தனி முகம் உண்டு, தங்களுக்குள் நட்பு உண்டு. மயில்வாகனம் உருவத்தில் சிறியவன். அவனைப் பெற்றவரே அவனை மறைத்து வைக்கப் பார்க்கிறார். தயாளன்தான் அவனுக்குள் இருப்பதைக் கண்டுகொள்கிறார். நடுநிலையானைப் பற்றி விமரிசகர்கள் அதிகம் பேசவில்லை. எனக்கு அவர்தான் மிக முக்கியமானவராகப் படுகிறார். போட்டியிடும் பெற்றோரைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம்; பிள்ளை தோற்றுவிடுவான் என்று முன்கூட்டியே முடிவுசெய்து போட்டியிலிருந்து விலக்கி வைக்கும் பெற்றோர் யார் கண்ணிலும் படுவதில்லை. மார்க் வாங்காத பிள்ளையை விருந்தாளி வரும்போது உள்ளே போகச் சொல்லும் வீடுகள் நம்மிடம் எத்தனை! அதுவும் அதே போட்டியின் இன்னொரு முகம். அந்த முகத்தைக் காட்டியதற்காகவே இந்தப் படம் திரும்பத் திரும்பத் திரையிடத் தகுந்தது.

சக்கரவர்த்தியின் முடிவு படத்தின் சிரிப்பை ஒரே வெட்டில் அறுத்துவிடுகிறது. அதுவரை நம்மைச் சிரிக்க வைத்த தம்பி ராமையா, அதே உடம்போடு, அதே குரலோடு, மகனை இழந்து நிற்கிறார். நகைச்சுவை நடிகரை இந்தப் பாத்திரத்தில் போட்டதன் பலன் அந்த ஒரு காட்சியில் தெரிகிறது. ‘இந்தி மீடியம்’ இவ்வளவு தூரம் போகத் துணியவில்லை. அங்கே யாரும் எதையும் இழப்பதில்லை, ஷ்யாமைத் தவிர. ஷ்யாமும் மன்னித்துவிடுகிறான். ஏழையின் பெருந்தன்மையால் பணக்காரனின் மனசாட்சி தேறிவிடுவது, எவ்வளவு நன்றாக நடித்துக் காட்டினாலும், எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அம்மாக்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. இரண்டு படங்களிலும் போட்டிக்குத் தூபம் போடுபவள் அம்மா. மீதாதான் பியாவின் எதிர்காலத்தை நினைத்து நடுங்குகிறாள். ராஜ் பின்னால் இழுபடுகிறான். தயாளனின் மனைவியும் மற்றவர்கள் பிள்ளை போகும் பள்ளிக்கே தன் பிள்ளையும் போக வேண்டும் என்று சண்டை போடுகிறாள், வீட்டை விட்டும் போய்விடுகிறாள். இருவரும் கடைசியில் கணவரின் தெளிவுக்கு வந்து சேருகிறார்கள். உண்மை வாழ்க்கையில் பள்ளி வாசலில் காத்து நிற்பதும், டயரியில் கையெழுத்துப் போடுவதும், மார்க் குறைந்தால் மாமியாரிடம் பேச்சு வாங்குவதும் அம்மா. பிள்ளை ஜெயித்தால் அப்பா பேர், தோற்றால் வளர்ப்பு சரியில்லை என்று அம்மா பேர். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு படங்களும் கேட்டிருக்க வேண்டும். மீதாவுக்காவது சபா கமர் தன் முகத்தில் ஒரு காரணத்தைக் கொண்டுவருகிறார்: ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுவே தான் கூசிய கூச்சம் மகளுக்கு வரக் கூடாது என்ற தவிப்பு. தயாளனின் மனைவிக்கு எழுத்திலேயே அந்த இடம் இல்லை.

இரண்டு படங்களும் கடைசியில் கைகாட்டுவது அரசுப் பள்ளியை. இதில் வியப்பில்லை, ஆனால் கைகாட்டும் விதம் வேறு. ராஜ் பள்ளி விழா மேடையில் எல்லார் முன்னும் உண்மையைச் சொல்லிவிட்டு, மகளை அரசுப் பள்ளியில் சேர்க்கிறான். அது பாவத்துக்குக் கழுவாய். அதற்கு முன்பே அவன் அந்தப் பள்ளிக்குப் பணம் கொடுத்து, பூச்சும் நாற்காலியும் வந்தாகிவிட்டது. தயாளனுக்கு அரசுப் பள்ளி கழுவாய் இல்லை; தனியார் பள்ளியில் பிள்ளை நசுங்குவதைப் பார்த்து எடுக்கும் சாதாரண முடிவு. தமிழ்நாட்டில் அந்த முடிவுக்கு இன்னும் ஒரு மதிப்பு இருக்கிறது. 2020-ல் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பெயர் மீண்டும் பத்திரிகைகளில் வந்தது. தில்லியிலும் அரசுப் பள்ளிகளில் கட்டடங்கள் எழுந்தன, 2018-ல் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் வந்தது. ஆனாலும் வசந்த் விஹாரிலிருந்து ஒரு பிள்ளை அங்கே நடந்துபோவதை நான் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு படங்களும் தொடாத ஓர் இடம் உண்டு. அது தில்லித் தமிழர்களுக்கு மிக அருகில் இருக்கும் இடம். பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் மதராஸி கேம்ப் என்ற குடியிருப்பு 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. 300-க்கும் மேற்பட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருந்தன. வீட்டு வேலை, துப்புரவு, சமையல் என்று சுற்றுவட்டாரக் காலனிகளை நடத்திய மனிதர்கள். தகுதி உண்டு என்று கணக்கில் வந்தவர்களுக்குத் தொலைதூர நரேலாவில் வீடு; மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் தமிழ் படித்தது தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில். நரேலாவிலிருந்து அந்தப் பள்ளிக்கு எப்படி வருவது என்பதுதான் அந்த அம்மாக்களின் கேள்வி. அவர்கள் யாரோடும் போட்டியிடவில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த பள்ளியை விடாமல் பிடித்துக்கொள்ளப் போராடுகிறார்கள். ஷ்யாமின் இடம் இதுதான். ஆனால் ‘இந்தி மீடிய’த்தில் ஷ்யாமின் வீட்டை யாரும் இடிக்கவில்லை. பள்ளிக்கு அருகில் வீடு இருப்பதற்குப் பாயின்ட் கொடுக்கும் ஊரில், வீட்டையே நகர்த்திவிட்டால் அந்தப் பிள்ளையின் பாயின்ட் என்னாகும் என்ற கேள்வியைப் படம் கேட்டிருந்தால் அது இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

அதனால் என் திரையிடலுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். தில்லியில் நர்சரி விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் கொடுக்கப்படுகின்றன. அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை, புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் இடம் கிடைத்தால், முதலில் ‘அப்பா’. தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக இந்தித் துணையெழுத்து வேண்டும். சாலையின் மறுபக்கத்துப் பள்ளிகளின் பெற்றோரும் வர வேண்டும். படம் முடிந்ததும் தேநீர். எல்லாரும் சிங்கப்பெருமாளைத் திட்டுவார்கள், திட்டட்டும். அந்தப் பேச்சு அடங்கும் முன்பே ‘இந்தி மீடிய’த்தைப் போட்டுவிட வேண்டும். அடுத்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், இப்போது தங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். வரிசையை மாற்றினால் இது நடக்காது: ராஜிடம் சுட்டுக்கொண்டவர்கள், தயாளனின் தோளில் சாய்ந்து ஆறுதல் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாவது படத்தைக் கடைசி வரை ஓட்டவும் வேண்டாம். குலுக்கலில் பியாவின் பெயர் வந்து, ஷ்யாமின் மகன் பெயர் வராமல் போகும் இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கைப் போட வேண்டும். ராஜின் மனமாற்றமும் மேடைப் பேச்சும் அங்கே தேவையில்லை. இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர் மட்டும் அல்லர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளையும் அழைத்து, அப்பா அம்மாவிடமிருந்து தள்ளி, எதிர்வரிசையில் உட்கார வைத்து, அவர்களை முதலில் பேசவிட வேண்டும்.